மெஷின் வரவில்லை, மேனுவல் வந்துவிட்டது

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. ராத்திரி பகலாகக் கண் விழித்துப் பிரமாதமான ஒரு லைப்ரரியை எழுதி முடிப்பார்கள். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி எழுதிக் கொடுங்களேன் என்றால் மட்டும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிடும். மிஞ்சிப்போனால் ஒரு ரீட்மீ கிடைக்கும். 'முக்குல ஒரு டீக்கடை இருக்கும், அங்க வந்து என் பேரைச் சொல்லுங்க' என்று விலாசம் சொல்வதுபோல் இருக்கும் அது. இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வியாதி கம்ப்யூட்டரைவிடப் பழசு.

சார்லஸ் பாபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் தந்தை. தந்தைதான், மறுக்கவில்லை, குழந்தைதான் பிறக்கவே இல்லை. டிஃபரன்ஸ் எஞ்சின் என்று கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்வதாகச் சொன்னார். பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்குச் சுமார் 17,000 பவுண்டு கொட்டி அழுதது. அது பாதியில் நிற்கும்போதே அய்யாவுக்கு அனலிட்டிகல் எஞ்சின் என்று இன்னும் பெரிய யோசனை வந்துவிட்டது. 1842-ல் அரசாங்கம் 'ஆளை விடு சாமி' என்று கழன்றுகொண்டது. பாபேஜ் நேரே பிரதமர் ராபர்ட் பீலைப் போய்ப் பார்த்தார். எதற்கு? தன்னை யாரும் மதிப்பதில்லை என்று சண்டை போட!

சரி, அந்த அனலிட்டிகல் எஞ்சின் எப்படி வேலை செய்யும் என்று ஊருக்குப் புரிகிற மாதிரி ஒரு கட்டுரையாவது எழுதினாரா? ஊஹூம். நோட்டு நோட்டாகக் குறிப்பும் படமுமாகக் கிறுக்கிவைத்தாரே தவிர, வெளியிட மனசு வரவில்லை. 1840-ல் இத்தாலியின் டூரின் நகரத்துக்குப் போய் விளக்கிப் பேசினார். பேசச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? கேட்டுக்கொண்டிருந்த மெனபிரியா என்ற பொறியாளர்தான் பொறுப்பாக உட்கார்ந்து பிரெஞ்சு மொழியில் எழுதி, 1842-ல் வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து அந்த மெனபிரியா இத்தாலியின் பிரதமராகவே ஆகிவிட்டார். எழுதாத பாபேஜ் அப்போது லண்டனில், தெருவில் வாத்தியம் வாசிக்கிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரெஞ்சுக் கட்டுரையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஏடா லவ்லேஸ். 27 வயது, மூன்று குழந்தைகளின் தாய், கவிஞர் பைரனின் மகள். 'இவ்வளவு தெரிந்த நீங்களே சொந்தமாக ஒன்று எழுதியிருக்கலாமே' என்று பாபேஜ் கேட்டார். கேட்பது யார் பாருங்கள்! எனக்குத் தோன்றவே இல்லை என்றார் அம்மணி. அப்படியானால் குறிப்பாவது சேருங்கள் என்றார் இவர். சேர்த்தார். ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள். முடித்துவிட்டுப் பார்த்தால் மூலக் கட்டுரையைவிடக் குறிப்புகள் சுமார் மூன்று மடங்கு நீளம்.

கடைசிக் குறிப்பில்தான் சமாச்சாரமே இருக்கிறது. பெர்னூலி எண்களை அந்த இயந்திரத்தில் எப்படிக் கணக்கிடுவது என்று படிப்படியாக ஓர் அட்டவணை. உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும் என்ற ஞானம் 1843-லேயே அந்த அம்மாவுக்கு இருந்திருக்கிறது. அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று பாபேஜ் அல்ஜீப்ராவைத் தானே போட்டு அனுப்பினார். 'இதில் பெரிய தப்பு இருக்கிறது' என்று திரும்பி வந்தது! நான் கட்டிவிடவில்லை, பாபேஜே சுயசரிதையில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதோடு போகவில்லை, இவ்வளவு கறாரான அந்த அம்மாவின் அட்டவணையே அச்சாகி வந்தபோது அதில் ஒரு வகுத்தல் தலைகீழாக நின்றது. மெஷினே இல்லாததால் யாரும் புகார் கொடுக்கவில்லை.

கடைசி நிமிஷத்தில் பாபேஜ் இன்னொரு கூத்தடித்தார். அரசாங்கத்தை வறுத்தெடுத்து ஒரு முன்னுரை எழுதி, இதையும் சேர்த்துப் போடுங்கள், ஆனால் என் பெயர் வேண்டாம் என்றார். யூசர் மேனுவலின் முதல் பக்கத்தில் மேனேஜரை மொட்டைக் கடுதாசியில் திட்டுவதற்குச் சமம் இது. ஏடா மறுத்தார். அப்படியானால் கட்டுரையையே பத்திரிகையிலிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள் என்று முறுக்கிக்கொண்டார் இவர். அதற்கும் மறுப்பு. அந்த அம்மா மட்டும் அன்று தலையாட்டியிருந்தால், பாபேஜின் பெயரைச் சொல்ல இன்று ஓர் அரைகுறை மெஷினும் ஒரு தெருச்சண்டையும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதிப்போம். கேம்பிரிட்ஜில் 1949-ல் எட்சாக் என்ற கணினி நிஜமாகவே ஓடியது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளை சப்ரூட்டீன்களாக எழுதி, காகித நாடாவில் துளையிட்டு அடுக்கி வைத்தார்கள். 1951-க்குள் 87 சேர்ந்துவிட்டன. லைப்ரரி என்றே பெயர். அதைப் பற்றி வில்க்ஸ், வீலர், கில் மூவரும் புத்தகமே போட்டார்கள். இதில் டேவிட் வீலர் 1952-ல் ஒரு கட்டுரையில் குண்டைத் தூக்கிப் போட்டார்: சப்ரூட்டீனை எழுதிச் சோதித்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதவனும் சுலபமாகப் பயன்படுத்துகிற மாதிரி விளக்கம் எழுத வேண்டும், ஒருவேளை அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. கட்டுரை வந்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் சொன்னதில் 'கஷ்டம்' என்பது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது.

அடுத்தது அமெரிக்காவின் பெல் லேப்ஸ். யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பிறந்த இடம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அவர்கள் கூட்டாளிகளும் புது மெஷினுக்கு ஆசைப்பட்டார்கள். விளையாட வேண்டும் என்று கேட்டால் யார் வாங்கித் தருவார்கள்? ஆவணங்களை அழகாகத் தயாரிக்க மென்பொருள் செய்து தருகிறோம் என்று சொல்லி பிடிபி-11 வாங்கினார்கள். பேடன்ட் துறையின் டைப்பிஸ்ட்டுகள் அதில் விண்ணப்பம் அடித்தார்கள். ஊருக்கெல்லாம் ஆவணம் தயாரிக்க வழி செய்த இந்த மகான்களைத் தங்களுக்கென்று ஒரு மேனுவல் எழுதவைக்க, மேலாளர் டக் மெக்கில்ராய் விடாப்பிடியாக நிற்க வேண்டியிருந்தது.

1971 நவம்பர் 3-ஆம் தேதி போட்டு வந்த அந்த முதல் மேனுவலில் ஒரு புதுமை. 'பக்ஸ்' என்று தனித் தலைப்பு வைத்து, இந்தக் கட்டளையில் இன்னின்ன கோளாறு என்று தாங்களே எழுதிவைத்தார்கள். என்ன நேர்மை என்று புல்லரிக்கிறதா? பொறுங்கள். மேனுவலின் அடுத்த பதிப்பு வரப்போகிறது என்றாலே ஆபீஸ் அல்லோலகல்லோலப்படுமாம். அசிங்கங்களை எழுதிப் பார்த்ததும், இதைப் போய் அச்சில் போடுவதா என்று கூச்சம் வந்து, ஓடிப்போய் ப்ரோக்ராமையே திருத்துவார்களாம். பிற்பாடு மெக்கில்ராயே சொன்னது. ஆக, யூனிக்ஸின் அழகில் ஒரு பங்கு மானப் பிரச்சினைக்குச் சேர வேண்டியது.

ஆனால் உள்ளே இருக்கும் நிரலை வரிவரியாக விளக்க அவர்களுக்கும் கை வரவில்லை. அதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வாத்தியார் வர வேண்டியிருந்தது. ஜான் லயன்ஸ், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். மாணவர்களுக்காக யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு உரை எழுதினார். நம்மூர் உரையாசிரியர்கள் பார்த்திருந்தால் கட்டித் தழுவியிருப்பார்கள். யூனிக்ஸை வைத்திருந்த கம்பெனி என்ன செய்தது? 1979-ல் ஏழாம் பதிப்பின் லைசன்ஸில், இதன் நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று தடை போட்டது. அப்புறமென்ன, லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாக உலகம் சுற்றியது. முறையாகப் புத்தகமாக வந்தது 1996-ல்தான். அதைப் புகழ்ந்து தள்ளியவர்களில் கென் தாம்சனும் ஒருவர்.

அந்த ஆறாம் பதிப்பில் ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒரு கமென்ட் உண்டு. இது உங்களுக்குப் புரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம் வரும். உலகத்து ப்ரோக்ராமர்கள் அதை மேதைகளின் திமிர் என்று கொண்டாடினார்கள், டீ-ஷர்ட்டில்கூடப் போட்டுக்கொண்டார்கள். அய்யய்யோ, திமிரெல்லாம் இல்லை, 'இது பரீட்சைக்கு வராது' என்ற அர்த்தத்தில்தான் எழுதினோம் என்று பல வருஷம் கழித்து விளக்கம் கொடுத்தார் ரிட்சி. கொடுத்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிஜப் பிரச்சினை என்னவென்றால், அங்கே என்ன நடக்கிறது என்று அப்போது எங்களுக்கே புரிந்திருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.