சர்வீஸுக்கு விட்டிருக்கிறது

தமிழ்நாட்டு வணிகப் புழக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களுள் ‘சர்வீஸ்’ என்பதைப் போல ஏராளமான பொருள்களைச் சுமந்துகொண்டு, கடைசியில் எதற்கும் பொறுப்பேற்காத சொல் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இலத்தீன் மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்பதிலிருந்து பிறந்த இச்சொல், அவ்வடிமை கடைக்காரரா வாடிக்கையாளரா என்பதை மட்டும் வரும் வழியில் எங்கோ மாற்றிக்கொண்டுவிட்டது. சர்வீஸ் என்றால் இன்னதுதான் என்று ஐயத்துக்கு இடமின்றி வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எனினும் வழக்காறுகளைத் தொகுத்துக் கண்ட பின்னரே வரையறைக்குச் செல்வது ஆய்வு முறை என்பதால், வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

இச்சிக்கலைச் சட்டம் எதிர்கொண்ட விதம் போற்றத்தக்கது. 1994இல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு என்னும் மூன்றே தொழில்கள்மீது 5 விழுக்காடாகத் தொடங்கிய சேவை வரி, ஆண்டுதோறும் புதுத்தொழில்களை இழுத்துப்போட்டுக்கொண்டு வளர்ந்து, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கரைந்தபோது உபவரிகளோடு 15 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. அவ்வாண்டின் சட்டம், பட்டியல் போட்டுப் பட்டியல் போட்டுக் களைத்துப்போனவர்களுக்கே உரிய துணிவோடு, சரக்கும் பணமும் பத்திரங்களும் அல்லாத எதுவும் சேவையே என்று எழுதி முடித்துக்கொண்டது. இதன்படி பார்த்தால், சில்லறை கேட்டதற்காகக் கல்லாவில் இருப்பவர் முறைப்பதும் சேவையே. அதைத் தனியாக ரசீதில் ஏற்றாதிருப்பது அவரது பெருந்தன்மை.

மக்கள் வழக்கு இதைவிட விரிந்தது. அரசு ஊழியர் தமக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்று கூறும்போது அது ஓய்வுக்கு எஞ்சிய காலத்தைக் குறிக்குமேயன்றி, அக்காலத்தில் எவருக்கேனும் எதுவும் செய்யப்படும் என்பதைக் குறிக்காது. மின்வாரியத்தைப் பொறுத்தவரை சர்வீஸ் என்பது இணைப்பு. 2016ஆம் ஆண்டு முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றான பிறகு, மாடிக்கு ஒரு சர்வீஸ், கீழுக்கு ஒரு சர்வீஸ் என்று கூறுவதில் தனிப் பெருமிதம் ஏற்பட்டது. நெடுஞ்சாலையோரத்து ‘வாட்டர் சர்வீஸ்’ என்னும் பலகை குடிநீரைக் குறிக்காது, வண்டி கழுவுமிடத்தைக் குறிக்கும். அதே நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு, எதிர்த்திசையில் வருவோருக்கென்றே போடப்பட்ட சாலை என்று பெரும்பாலோரால் கருதப்படுகிறது. இதைத் தமிழாக்கிச் ‘சேவை’ என்றால் குழப்பம் தீரும் என்போர், கொங்கு நாட்டுச் சமையலறையில் அச்சொல் எலுமிச்சை பிழிந்து தாளித்துத் தட்டில் வைக்கப்படுவதை மறந்துவிடுகின்றனர்.

உணவகங்கள் வசூலிக்கும் சர்வீஸ் சார்ஜைப் பற்றி நீளமாகப் பேசலாம். பரிமாறியதற்காகத் தனியே பெறப்படும் அத்தொகையைத் தாமாகவே ரசீதில் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டதும், அதே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும், 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் அவ்வழிகாட்டுதலை உறுதிசெய்ததும் பதிவான செய்திகள். ஆனால் ஆய்வின் மையம் அதுவன்று. இக்கட்டுரைக்கு மூல ஆவணம் சென்ற வெள்ளிக்கிழமை தேதியிட்ட, இருசக்கர வாகனம் ஒன்றின் ‘ஃப்ரீ சர்வீஸ்’ ரசீதாகும். அதன் மூன்றாம் வரியைப் பற்றிக் கட்டுரையாசிரியர் இன்னும் நிதானமாகப் பேசும் நிலையில் இல்லை என்பதால், முதல் வரியிலிருந்து தொடங்குவது நலம்.

ஃப்ரீ சர்வீஸ் என்பது, புது வண்டியோடு தரப்படும் புத்தகத்திலுள்ள கூப்பனைக் கிழித்துக்கொடுத்து, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள் பெற்றுக்கொள்ள வேண்டிய இலவசப் பராமரிப்பாகும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இலவசமாக அளிக்கப்படுவதைச் சேவை என்னும் வரையறையிலிருந்தே விலக்கியிருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. வண்டியின் விலையிலேயே இதற்கும் சேர்த்து வாங்கிவிட்டதால் விலக்கு பொருந்தாது என்று வழக்கறிஞர் வாதிடக்கூடும். அவ்வாதத்துக்கே தேவையின்றி, இலவசம் இலவசமாக இல்லாதவாறு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. “எல்லாம் ஃப்ரீதான் சார், ஆயிலுக்கு மட்டும்தான் சார்” என்பது முதல் வரி. இரண்டாம் வரி வாஷிங். மூன்றாம் வரியில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்றிருக்கும். துடைக்கும் துணி, கிரீஸ், தெளிக்கும் மருந்து ஆகியவற்றுக்கான பொதுப்பெயராகிய இது, எவ்வளவு செலவானது என்று எவராலும் காட்ட முடியாததும், எனினும் ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்கிடப்படுவதுமாகிய ஒரு பொருள். பரம்பொருளுக்குக் கூறப்படும் இலக்கணங்களுள் பாதி இதற்குப் பொருந்தும். துணி எங்கே என்று வினவுவோரை, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நாற்காலியில் அமரச் சொல்கின்றனர். அக்கண்ணாடியின் ஊடாக வண்டியைக் காணலாம். எவரும் அதன் அருகே இல்லாததையும் காணலாம்.

வரவேற்பவர் சர்வீஸ் அட்வைசர், அதாவது ஆலோசகர் ஆவார். வண்டியை ஒருமுறை வலம்வந்து, பழைய கீறல்களை மட்டும் கவனமாகக் குறித்துக்கொண்டு, இடப்பக்கம் ஒரு சத்தம் வருகிறது என்று உரிமையாளர் கூறுவதை ‘ஜெனரல் செக்கப்’ என்று ஜாப் கார்டில் மொழிபெயர்த்து எழுதுவது அவரது பணி. பழைய மெக்கானிக் கடையில் இவ்வேற்பாடுகள் இல்லை. அவர் காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பாத்து வைக்கிறேன், சாயங்காலம் வாங்க” என்றார். சாயங்காலத்துக்குள் அவ்வண்டியிலேயே பையன் நான்கு தடவை டீ வாங்கப் போய்வந்ததும் உண்மைதான், ஆனால் அந்த டீ எந்த ரசீதிலும் ஏறவில்லை. இப்போது, “அஞ்சு மணிக்கு நாங்களே கால் பண்றோம் சார்” என்கின்றனர். ஐந்து மணி என்பது அங்கு நேரமன்று, ஒரு மனநிலை. ஏழு மணிக்குக் கிடைக்கும் வண்டியில் சீட் ஈரமாகவும், கண்ணாடிகள் இரண்டும் வானத்தைப் பார்த்தவாறும், பிரேக் வேறொருவர் காலுக்கு ஏற்றவாறும் இருந்தால் சர்வீஸ் நடந்தது உறுதியாகிறது. இடப்பக்கச் சத்தம் இருக்கும். அதற்குத் துணையாக வலப்பக்கமும் ஒன்று புதிதாக ஏற்பட்டிருக்கும்.

பிறகு வருவது ஃபீட்பேக் கால். வண்டியைத் தரும்போதே ஆலோசகர் குரலைத் தாழ்த்தி, “கால் வரும் சார், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க, ஒன்பது குடுத்தாகூட எங்களுக்கு அது ஜீரோதான்” என்று கேட்டுக்கொள்கிறார். ஒன்பதைச் சுழியமாக்கும் இக்கணிதத்தை எவர் வகுத்தார் என்பது ஒருபுறமிருக்க, இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் ஊக்கத்தொகை தம் வாயில் தொங்குகிறது என்றானபின் எவரால் நான்கு என்று சொல்ல முடியும்? பணமும் கொடுத்து, நாளும் கொடுத்து, மதிப்பெண்ணையும் கொடுத்துவிட்டு, கடைசியாக அந்தச் சத்தம் என்று தயங்கி இழுத்தால், மறுமுனையில் இருப்பவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டு, அதற்குப் புது ஜாப் கார்டு போட வேண்டும், கூப்பன் முடிந்துவிட்டதால் அது பெய்டு சர்வீஸில் வரும் என்று தெரிவிக்கிறார்.