அறுபதில் ஒரு பாடு

கேள்வி: ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாவல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'அறுபது வயசுல கதையா வாத்தியாரே?' என்று தெருவே சிரிக்கிறது.
- ஒரு வாசகர், லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு

பதில்: சிரிக்கட்டும். சிரித்தவர்களையும் ஒரு அத்தியாயத்தில் சேர்த்துவிடுங்கள். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்த பூமணி 'பிறகு', 'வெக்கை' நாவல்களை முன்பே எழுதியவர்தான். ஆனால் ஆயிரம் பக்கம் தாண்டும் 'அஞ்ஞாடி' 2012இல் வந்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். 2014இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்' நாவல் வந்தது 72 வயதில். இங்கிலாந்தின் பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு முதல் நாவலே அறுபதில்தான். இரண்டே வருடத்தில், 1979இல், புக்கர் பரிசு.

கேள்வி: பழவேற்காட்டு டச்சுக் கோட்டையை வைத்து ஒரு சரித்திரக் கதை?

பதில்: 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையைப் பற்றி நூலகத்தில் படித்து யாரும் எழுதிவிடலாம். ஏரியில் யாருக்கு எந்த நாள், எந்த இடத்தில் வலை என்று முறை பிரிக்கும் 'பாடு' உங்கள் ஊருக்குள் வளர்ந்தவருக்கல்லவா தெரியும்? முறை இல்லாத நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது? முகத்துவாரத்தை மணல் மூடினால் இறால் வரத்து என்ன ஆகிறது? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில், கடலுக்குப் போகாதே என்று நிறுத்தப்பட்டவர் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறாரே, அவர் மனசில் என்ன ஓடுகிறது? பாடு என்றால் முறை; பாடு என்றால் படுகிற துன்பமும்தான். அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே உங்கள் நாவல் கிடக்கிறது.

கேள்வி: முப்பது வருடம் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவன். குப்பத்துப் பேச்சில் எழுதலாமா?

பதில்: அதில்தான் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பைத் தாண்டாத கி.ராஜநாராயணன் கரிசல் பேச்சை நாவலாக்கினார், அந்த வட்டார வழக்குக்கு அகராதியும் தொகுத்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மீன் கூடையை இறக்கிக்கொண்டே உங்கள் அம்மா பேசிய பேச்சுக்குச் சிவப்பு மை போடாதீர்கள் ஐயா.

கேள்வி: எப்போது தொடங்கட்டும்?

பதில்: பாடு முறையை மனப்பாடமாகச் சொல்லும் எண்பது வயதுப் பெரியவர் உங்கள் பக்கத்தில் இருப்பார். நாளைக் காலை ஒரு நோட்டோடு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். முதல் அத்தியாயம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.