திறந்திடு சீசேம்: ஒரு மகர மெய்யின் வழக்கு

1. ஆய்வுக்குக் காரணம்

சுரண்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கைபேசி விளையாட்டு ஒன்றில் கணக்குத் தொடங்கிய மருமகன், கடவுச்சொல் வைத்துத் தரச் சொன்னான். குகையும் புதையலுமான விளையாட்டு அது. பொருத்தமாகவும் இருக்கும், எவரும் ஊகிக்கவும் மாட்டார் என்று அலிபாபாவின் மந்திரச் சொல்லைத் தமிழிலேயே அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் ‘சீசே’ என்று அடித்தான், திறக்கவில்லை. ‘சீசா’ என்றான், இல்லை. ‘சிசேம்’ என்று குறிலாக்கிப் பார்த்தான். கணக்கு ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. ராத்திரி முழுக்கச் சண்டையிட்டுச் சேர்த்த வாளும் தங்கக் காசும் உள்ளே.

“மாமா, நீங்க எதுதான் போட்டிய?”

எனக்கே ஐயம் வந்துவிட்டது. ம் போட்டேனா, இல்லையா? அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை என்க.

2. பாட பேதங்கள்

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. அதில் எம்.ஜி.ஆர். குகை வாசலில் நின்று சொன்ன மந்திரம், கேட்டவர் காதுக்கேற்பக் கிளைத்துவிட்டது.

‘சீசே’ என்பது ஈறு கெட்ட பாடம். மரம், பணம் என்று எழுதுகிறோமே தவிர, பேசும்போது கடைசி மகரத்தை மூக்கில் கரைத்துவிடுகிறோம். சீசேமுக்கும் அதே கதிதான். 2015இல் வந்த ஒரு படம் ‘திறந்திடு சீசே’ என்றே பெயர் வைத்துக்கொண்டது.

‘சீசா’ என்பது புட்டி. திறப்பதற்கு மிகப் பொருத்தமான பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொழுது சாய்ந்தபின் அதைத் திறப்பவர்களுக்கு மந்திரம் எதுவும் தேவைப்படுவதாகத் தெரியவில்லை. ஆகவே தள்ளுக.

‘ஸீஸேம்’ கிரந்தக் கட்சியாரின் பாடம். உயிருக்கு நடுவே நிற்கும் சகரம் தமிழில் தானாகவே மெலியும். எனவே இரண்டாவது ஸகரம் வீண் செலவு.

மந்திரத்தின் முன்பகுதியான ‘அண்டா காகசம்’ பற்றியும் ஒரு சொல். ‘அண்டாவில் விழுந்த காகம்’ என்று இதற்குப் பொருள் உரைப்பாரும் உளர். கலியாண வீட்டு அண்டாவில் காகம் விழுந்தால் பந்திக் கதவு மூடுமேயன்றித் திறவாது என மறுக்க.

3. சொற்பொருள்

இக்கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபிப் படிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸ் நகரில் வாயால் சொல்ல, அந்துவான் கலான் கேட்டு எழுதி, 1717இல் பிரெஞ்சில் அச்சேற்றினார். பிரெஞ்சில் ‘செசாம்’, அரபியில் ‘சிம்சிம்’, இந்திக்காரர்களுக்கும் ‘சிம் சிம்’. எல்லாம் ஒன்றுதான். நம் எள்.

ஆம், எள்! எம்.ஜி.ஆர். மலையைப் பார்த்துச் சொன்னது, “எள்ளே, திற!” என்பதே.

கதைக்குள்ளும் இதற்குச் சான்றுண்டு. அலிபாபாவின் அண்ணன் காசிம் புதையலைக் கண்ட மயக்கத்தில் சொல்லை மறந்து, “வாற்கோதுமையே, திற!” என்கிறான். தானியம் என்ற அளவுக்கு நினைவிருந்தது. எந்தத் தானியம் என்பதுதான் மறந்துபோயிற்று. சுரண்டைக்காரனாக இருந்தால் உளுந்து, கம்பு, சோளம் என்று கடைவீதியையே ஒப்பித்திருப்பான். பட்டியலில் எள் எப்படியும் வந்திருக்கும், உயிரும் பிழைத்திருக்கும்.

4. களப்பணி

எள்ளுக்கும் கதவுக்கும் என்ன உறவு என்றறியச் செக்கு எண்ணெய்க் கடைக்குப் போனேன். புண்ணாக்கு வாசத்துக்கு நடுவே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, எள்ளுன்னா ஏன் கதவு திறக்குது?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எள்ளுச்செடி பாத்திருக்கியளா? காய் நல்லாக் காஞ்சா நுனியில தானா வாய் பிளக்கும்லா. ஒரு நாள் அசந்தா அம்புட்டும் தரையில. அதான் அடிக்காய் மஞ்சளாகும்போதே அறுத்துப் போர் போட்டுருவாங்க.”

பூட்டில்லை, சாவியில்லை, முற்றியதும் தானே திறந்து உள்ளிருப்பதைக் கொட்டும் களஞ்சியம். மேலை அறிஞர் சிலர் சொல்லும் விளக்கமும் இதுவே. அண்ணாச்சி கால் லிட்டர் நல்லெண்ணெயும் கட்டிக் கொடுத்தார்.

5. எண்ணெய்ப் படலம்

எள்ளின் நெய் எண்ணெய். ஆகவே தேங்காயெண்ணெய் என்பது தேங்காய் எள்நெய்; ரேஷன் கடை மண்ணெண்ணெய் மண் எள்நெய். தாளிக்கும்போதும் தலைக்குத் தேய்க்கும்போதும் தமிழர் பொருளறியாமலே இம்மந்திரத்தை உச்சரித்து வருகின்றனர்.

எள்ளென்றால் எண்ணெயாக நிற்பது என்பார்கள். அலிபாபா கதை அப்படியே நிற்கிறது. எள்ளைச் சொல்லித் திறந்த கதை, தாழிகளுக்குள் ஒளிந்திருந்த திருடர்கள்மேல் வேலைக்காரப் பெண் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் இடத்துக்கு வந்துசேர்கிறது.

6. மறுப்பும் முடிவும்

இவ்வளவும் தெரிந்தபின், மொழிபெயர்த்தவர் ‘திறந்திடு எள்ளே’ என்று எழுதியிருக்கலாமே எனின், ஆகாது. எள் என்றதும் எள்ளுருண்டையும் எள்ளும் தண்ணீரும் நினைவுக்கு வரும், பாறை அசையாது. பொருள் புரியாத வரைக்கும்தான் மந்திரம். புரிந்துவிட்டால் மளிகைச் சாமான். மேற்கே ஆரியங்காவில் மலை உண்மையாகவே திறந்து செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் குகை வழியே போகத் தொடங்கியது 1904இல். அதற்கு வெடிமருந்து தேவைப்பட்டது. அதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. அதை யாரும் மந்திரம் என்று சொல்லவில்லை.

எஞ்சியது மகர மெய். அவ்விளையாட்டில் கடவுச்சொல் ஆறு குறிகளுக்குக் குறையக் கூடாதாம். சீசேம் இலக்கணப்படி மூன்றெழுத்து. கணினியோ ச, ஈகாரக் குறி, ச, ஏகாரக் குறி, ம, புள்ளி என்று ஆறாக எண்ணும். சீசே, சீசா இரண்டும் நான்குதான், வைக்கவே விட்டிருக்காது. கிரந்தத்தை நான் தொடுவதில்லை. ஆகவே ம் போட்டிருக்கிறேன், புள்ளியோடு!

மறுநாள் பூட்டு விலகியதும் ‘சீசேம்’ என்று அடித்தான். திறந்தது. வாளும் காசும் பத்திரமாக இருந்தன. முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினான். என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான்.

“சொல்லு வேண்டாம்டே, அதுக்கு அர்த்தமாவது என்ன?”

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மாமா” என்றான்.

மந்திர சாத்திரம் முழுவதும் அவனுக்கு ஒரே நாளில் கைவந்துவிட்டது.