மூடி கழற்றியவர்

பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்த அலுவலகத்திலும் மூடி கழற்றியவர் ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டர் படிப்புக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது; பெரும்பாலும் கணக்குப் பிரிவில்தான் அகப்படுவார். அவர் மேஜைக்கடியிலுள்ள சிபியுவுக்கு இடப்பக்கத் தகடு கிடையாது. அது பீரோவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். அதன் திருகுகளைப் பத்திரமான இடத்தில் வைத்திருப்பதாகச் சொல்வார். அதனால்தான் அவை கிடைப்பதில்லை.

இவரை உருவாக்குவது ஒரு சத்தம். பிராசசரின் தலைமேல் ஓடும் விசிறி 12 வோல்ட்டில் இயங்குவது. மலிவான வகையில் அச்சு ஓர் உலோகப் புஷ்ஷுக்குள் சுழலும். புஷ்ஷில் ஊறிய எண்ணெய் சில வருஷங்களில் வற்றிப்போக, அச்சு ஆடத் தொடங்கும். காலையில் சுவிட்சைப் போட்டதும் ‘கர்ர்’ என்று இழுத்து, சற்றுச் சூடேறியபின் அடங்கும்.

“சார், உங்க சிஸ்டம் ஒரு மாதிரி கத்துதே?”

“கத்தட்டும்மா. கத்துற வரைக்கும் ஓடுதுன்னு அர்த்தம். நின்னுட்டாத்தான் கவலைப்படணும்.”

இந்தப் பதில் முற்றிலும் சரி. அவரோடு யாரும் வாதாட முடியாமல் போவது இதனால்தான்.

முதல் வைத்தியம், முழங்காலால் கேபினெட்டுக்கு ஓர் இடி. அச்சு கொஞ்சம் நகர்ந்து உட்கார, சத்தம் நின்றுவிடும். அதே பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்கும் அந்த இடியை வாங்கிக்கொள்கிறது என்பது அவர் கணக்கில் வராது.

இடி பலிக்காத நாளில் எண்ணெய் வரும். விசிறியின் நடுவிலுள்ள ஸ்டிக்கரை நகத்தால் பாதி உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது மெக்கானிக்குகளும் செய்வதுதான். ஆனால் ஒரு சொட்டு என்பது அவருக்குக் கஞ்சத்தனம். தாராளமாக விட்டதில் ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது; விசிறி சுழன்றதும் எண்ணெய் தெறித்து, தூசு இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க் கட்சியினரும் உண்டு. மார்கழிக் காலையில் விசிறி ஏன் அசையவில்லை என்பது அவர்களுக்குக் கடைசிவரை புரியாது.

உண்மையான வில்லன் விசிறிக்கு அடியில், அலுமினியத் தகடுகளின் இடுக்கில், கம்பளிபோல் படிந்திருக்கும் தூசு. அதை எடுக்க நான்கு பிளாஸ்டிக் கால்களைத் திருப்பி மொத்தத்தையும் கழற்றவேண்டும். காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவவேண்டும். அங்கே மட்டும் அவர் கை வைப்பதில்லை. “அதெல்லாம் கம்பெனி ஆள் பார்க்கிற வேலை” என்று ஒதுங்கிவிடுவார். வாயால் ஊதுவதோடு சரி. தூசு கண்ணில் விழும், எச்சில் மதர்போர்டில் விழும்.

விசிறி நின்றே போனால், அதன் வேகத்தைச் சொல்லும் கம்பியில் சேதி வராது. திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றி, எஃப்-1 அமுக்கச் சொல்லும். அவர் அமுக்குவார். லீவில் போகும்போது மாற்று ஆளுக்கும் சொல்லிக்கொடுப்பார்: “கருப்புத் திரையில எழுத்து வரும். படிக்காதீங்க, அமுக்கிடுங்க.”

அப்புறம்தான் டேபிள் ஃபேன். அலுவலகத்தில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேனைத் திறந்த பக்கத்துக்கு நேரே வைத்துவிட்டு, அவர் சட்டை நனைய உட்கார்ந்திருப்பார். வவுச்சர்கள் பறக்கும். ஆனால் சூடு இறங்கும், இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெருக்க வந்த அம்மா ஃபேனை அணைத்துவிட்டால்தான் ஆபத்து. பல பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் அணைந்துவிடும். எக்செல் நகர மறுக்கும் அந்த நேரத்தில் அவர் உச்சரிக்கும் ஒரே காரணம், வைரஸ்.

கடைசியில் யாரோ புகார் எழுத, சர்வீஸ் பையன் வருவான். சில நூறு ரூபாய் விசிறி, கால் மணி நேர வேலை. அத்தனை நேரமும் மூடி கழற்றியவர் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார்.

“பழசைப் போட்டுடவா சார்?”

“கொடுப்பா இங்க. நான் எண்ணெய் விட்டதாலதான் இத்தனை நாள் வந்தது.”

பழைய விசிறி அவருடைய டிராயருக்குப் போகும். தபால் பிரிவில் அடுத்த சிபியு கத்தத் தொடங்கியதும் எடுத்துக்கொண்டுபோய், தன் செலவில்லாமல், மாட்டிக்கொடுப்பார்.