டாலியில் விருந்துக்குப் போனவர்கள்

மார்க்கோ போலோவை நம்பினால், யுன்னான் பக்கம் போகிறவர்கள் சுமாரான முகத்தோடு போவதுதான் உடம்புக்கு நல்லது. லட்சணமும் நல்ல குலமும் உள்ள ஆள் ஒருவன் ராத்தங்கலுக்கு வந்தால், வீட்டுக்காரர்கள் விஷம் வைத்துக் கதையை முடித்துவிடுவார்களாம். பணத்துக்கு ஆசைப்பட்டு அல்ல. இவ்வளவு களையான மனுஷனின் ஆவி வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாதே, நம்மோடேயே இருக்கட்டுமே என்ற பிரியத்தில். குப்ளாய் கான் நாட்டைப் பிடித்ததும் இதைத் தடைசெய்துவிட்டார் என்கிறார் போலோ. அவர் பத்திரமாக வெனிஸ் திரும்பியதற்குக் காரணம் அந்தத் தடையா, முகமா என்று மட்டும் எழுதவில்லை.

அவர் சொல்லும் பிரதேசத்தின் நடுவில்தான் டாலி. தென்மேற்குச் சீனாவில், மேற்கே சாங்ஷான் மலை, கிழக்கே அர்ஹாய் ஏரி, இடையில் ஒரு பட்டை நிலம். பாய் இன மக்களின் தலைநகரம். விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்வதில் இந்த ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

ஆரம்பித்து வைத்தவர் பிலுவோகே. எட்டாம் நூற்றாண்டில் இங்கே குட்டிக் குட்டி ராஜ்யங்கள். அவற்றில் தெற்கே இருந்த ஒன்றுக்கு இவர் ராஜா. பக்கத்து ராஜாக்களுக்கெல்லாம் ஓலை போனது: 'முன்னோர்களுக்குத் திதி கொடுக்கிறோம், தவறாமல் வரவேண்டும்.' திதிக்கு வராமல் இருந்தால் மரியாதையா? வந்தார்கள். பிசின் வடியும் பைன் மரத்தாலேயே கட்டிய மாடியில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, நன்றாக ஊற்றிக் கொடுத்து, இவர் மட்டும் கீழே இறங்கி வந்து தீ வைத்தார். ஒரு ராணிக்கு மட்டும் முன்கூட்டியே மனசு சரியில்லை. புருஷன் கையில் இரும்புக் காப்பு ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார். மறுநாள் சாம்பலில் அவரவர் ராஜாவைத் தேடி எல்லோரும் தவித்தபோது, அவர் மட்டும் காப்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். அந்த சாமர்த்தியத்தில் மயங்கி பிலுவோகே பெண் கேட்டாராம்! கூச்சம் என்று ஒன்று அந்த வம்சத்துக்கே கிடையாது போலிருக்கிறது. ராணி மறுத்து உயிரைவிட்டார்.

டாங் பேரரசின் தயவோடு படை நடத்தித்தான் 738-இல் பிலுவோகே இந்தக் குட்டி ராஜ்யங்களை நான்சாவ் என்ற ஒரே ராஜ்யமாக்கினார் என்று சரித்திரக்காரர்கள் உப்புச்சப்பில்லாமல் சொல்கிறார்கள். ஊரார் காதில் அது ஏறவில்லை. தீப்பந்தத் திருவிழாவுக்கு இன்றும் காப்புக் கதையைத்தான் சொல்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் பந்தத்துக்குப் பக்கத்தில் சிரித்தபடி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

விருந்தாளி வீட்டுக்காரனை ஏமாற்றிய கதையும் உண்டு. அதற்கும் முந்திய காலத்தில் மனுஷக் கண்களைத் தின்னும் ராட்சசன் ஒருவன் டாலியை ஆண்டானாம். மேற்கேயிருந்து கிழட்டுத் துறவி ஒருவர் வந்து, 'என் காவித்துணி விரிகிற அளவு நிலம், என் நாய் தாண்டுகிற தூரம், அது போதும்' என்று கேட்டார். வாமனரை அறிந்த நமக்கு அடுத்து என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. துணி மலையையும் ஏரியையும் சேர்த்து மூடிவிட்டது. ராட்சசனுக்குப் புது அரண்மனை என்று ஒரு குகையைக் காட்டி, உள்ளே போனதும் வாசலை அடைத்தார்கள். துறவி வேறு யாருமல்ல, அவலோகிதேசுவரர். இன்னொரு சமயம் அவரே கிழவியாக வந்து, படையெடுத்து வந்த சீனச் சிப்பாய்களின் எதிரே ஒரு பெரும்பாறையை வைக்கோல் கயிற்றில் கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். 'வயசாகிவிட்டது, சின்னக் கல்தான் தூக்க முடிகிறது, இளவட்டங்கள் பெரிய கல்லாகத் தூக்குகிறார்கள்' என்று பெருமூச்சு வேறு. படை அப்படியே திரும்பிவிட்டது. பாறை இப்போதும் இருக்கிறது, தலையில் ஒரு பளிங்கு மண்டபத்தோடு.

நிஜமாக வந்த படைகளுக்குக் கிழவி எதிர்ப்படவில்லை. டாங் அதிகாரி ஒருவர் நான்சாவ் அரசவீட்டுப் பெண்களிடம் வாலாட்டினார், கப்பம் என்று பிடுங்கினார். பிலுவோகேயின் மகன் கெலுவோஃபெங் 750-இல் அவரைத் தீர்த்துவிட்டார். 751-இல் ஒரு பெரும்படை வந்து நாசமானது. 754-இல் லி மி என்ற தளபதியின் கீழ் இன்னொன்று, அதற்கும் அதே கதி. டாங் தலைநகரில் மந்திரி யாங் குவோசோங் முதல் தோல்வியையே வெற்றி என்று சக்ரவர்த்தியிடம் சொல்லிவைத்திருந்தார். ஜெயித்த கெலுவோஃபெங்கோ, 'எங்களுக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது' என்று பக்கம் பக்கமாக விளக்கி 766-இல் கல்வெட்டு நட்டார். உலகத்தில் ஜெயித்தவன் எழுதிய மன்னிப்புக் கடிதம் இவ்வளவு நீளமாக வேறெங்கும் இருக்காது.

லி மிக்குப் பிறகு கிடைத்த பதவி உயர்வுதான் உச்சம். பாய் மக்களுக்கு ஊருக்கு ஊர் தனிக் காவல் தெய்வம். படையெடுத்து வந்து, தோற்று, இங்கேயே செத்துப்போன இந்தத் தளபதியையே அந்தப் பதவியில் உட்கார்த்திக் கோயில் கட்டிவிட்டார்கள். கோழியும் பன்றித்தலையும் படைத்து வேண்டிக்கொள்கிறார்கள். இதே மலையடிவாரத்தில் இன்னும் எத்தனையோ சிப்பாய்கள் ஒரே மேட்டில் புதைந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோழிகூட இல்லை.

937-இல் துவான் வம்சம் டாலி ராஜ்யத்தை நிறுவியது. இருபத்திரண்டு ராஜாக்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சிம்மாசனத்தை விட்டு மொட்டையடித்து பிக்குவானார்கள். பக்தி ஒரு பக்கம். காவ் குடும்பத்து மந்திரிகள் நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருந்ததால், ராஜாவாக இருப்பதற்கும் பிக்குவாக இருப்பதற்கும் தலைமுடிதான் வித்தியாசம். குப்ளாய் கான் அனுப்பிய தூதர்களைக் காவ் மந்திரி கொன்றார். 1253-இல் குப்ளாய் காற்றடைத்த தோல் பைகளில் ஆற்றைக் கடந்து நேரிலேயே வந்துவிட்டார். 'யாரையும் கொல்லாதே' என்று எழுதிய கொடிகளோடு ஊருக்குள் நுழைந்தார். மந்திரியின் தலைக்கு மட்டும் அந்தக் கொடி பொருந்தவில்லை. தோற்ற ராஜாவுக்கு மங்கோலியர் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? மகாராஜா. சம்ஸ்கிருதப் பட்டம், மங்கோலியக் கையெழுத்து, துவான் பரம்பரைக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் உத்தியோகம்.

1868-இல் பிரெஞ்சுக்காரர் பிரான்சிஸ் கார்னியே வந்தபோது டாலியில் சுல்தான் ஆட்சி. சிங் பேரரசை எதிர்த்து எழுந்த து வென்ஷியு இங்கிருந்து ஆண்டார். கார்னியேவை அவர் பார்க்கவே மறுத்து, வந்த வழியே போகச் சொல்லிவிட்டார். நான்கே வருஷத்தில் சிங் படை கழுத்தை நெரித்ததும், டாலி மலையின் கற்களைப் பெட்டியில் வைத்து லண்டனுக்குத் தன் வளர்ப்பு மகனை அனுப்பினார். மலையையே ஒப்படைக்கிறோம் என்று அர்த்தம். லண்டன் மரியாதையாக நன்றி சொன்னது. மகன் ஊர் திரும்புவதற்குள் டாலி விழுந்துவிட்டது.

அடுத்து வந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். பக்கத்து ஷிச்சோவில் பணக்கார வியாபாரிகளின் முற்றம் வைத்த பெரிய வீடுகள். பிரான்சிஸ் சூ அங்கே தங்கி, ஊர்ப்பெயரை மறைத்து, 'சீனக் குடும்பம் இப்படித்தான்' என்று 1948-இல் புகழ்பெற்ற புத்தகம் போட்டார். 1956-இல் அரசாங்கம் அந்த மக்களைப் பாய் என்ற தனி இனமாக அறிவித்தது.

1984-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு டாலி திறந்துவிடப்பட்டது. முதுகுமூட்டைக்காரர்கள் ஹூகுவோ சாலையில் காபியும் வாழைப்பழ பான்கேக்கும் தேடி உட்கார்ந்தார்கள். அதற்கே வெளிநாட்டுக்காரர் தெரு என்று பெயர் வந்தது. பிறகு சீனாவின் மற்ற மூலைகளிலிருந்து ஜனங்கள் வெளிநாட்டுக்காரரைப் பார்க்க வந்தார்கள். இப்போது அந்தத் தெருவில் தேடித்தான் வெளிநாட்டுக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

யாராவது சிக்கினால் கவனிப்பு பலம். பன்றியை வைக்கோல் தீயில் பொசுக்கி, தோலும் கறியுமாகப் பச்சையாகவே சீவி, பூண்டும் மிளகாயும் போட்ட புளிப்புச் சாற்றோடு தட்டில் வைப்பார்கள். பச்சைக்கறியும் பூண்டுச் சாறும் போலோவே எழுதிவைத்த சாப்பாடுதான். விருந்தாளி முதல் துண்டை எடுப்பாரா மாட்டாரா என்று பக்கத்து மேஜையில் நாலு செல்போன்கள் தயாராக இருக்கும்.