சாய்தளம் காருக்கு மட்டும்

சக்கர நாற்காலி போகிற மாதிரி நடைபாதை கட்டுங்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அதுவரை சும்மா இருந்தவர் அந்த நொடியிலேயே பொருளாதார மேதை ஆகிவிடுவார். "நல்ல விஷயம்தான் சார். ஆனா எவ்வளவு செலவாகும்? மொத்தம் எத்தனை பேர் யூஸ் பண்ணப்போறாங்க? எங்க தெருவுல நான் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லையே."

பார்த்திருக்க மாட்டார்தான். வாசலை விட்டு இறங்கினால் முழங்கால் உயரத்துக்கு மழைநீர் வடிகாலின் ஸ்லாப். அது முடிகிற இடத்தில் மூடி இல்லாத பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் லாரி. இத்தனையையும் தாண்டி வந்து இவர் கண்ணில் பட்டால்தான் ஒருவர் இருப்பதாகவே கணக்காம். கடையைப் பூட்டிவைத்துவிட்டு, வாடிக்கையாளரே வருவதில்லை என்று பேரேட்டில் எழுதுகிற புத்தி இது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று பதறவேண்டியவர், யாருமே இல்லை என்று நிம்மதியாகக் காப்பி குடிக்கிறார்.

சரி, செலவையே பேசுவோம். தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலைக்கு மேலே 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 621 கோடி ரூபாய், கிலோமீட்டருக்குச் சுமார் 194 கோடி. எந்த டீக்கடையிலாவது, "நல்ல விஷயம்தான், ஆனா எத்தனை கார் போகப்போகுது?" என்று ஒருவராவது இழுத்தாரா? மேம்பாலம் என்றால் வளர்ச்சி. காரில் போகிறவருக்குப் பத்து நிமிடம் மிச்சமாவதற்கு விலையே கிடையாது. 2019-ல் பாண்டி பஜாரில் சுமார் 40 கோடியில் அகல நடைபாதை போட்டபோது மட்டும் ஊரில் பாதிப்பேர் ஆடிட்டராகி, காரை எங்கே நிறுத்துவது என்று கண்ணீர் விட்டார்கள்.

போக்குவரத்து நிதியில் 60 விழுக்காடாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டது. கொள்கை பத்திரமாகத்தான் இருக்கிறது. ஒரு கீறல்கூட விழவில்லை, யாரும் எடுத்துப் புழங்கினால்தானே விழுவதற்கு.

நம் ஊரில் சாய்தளம் கட்டத் தெரியாது, கட்டப் பணம் இல்லை என்று சொல்கிறவர்களை அண்ணா நகரிலோ மடிப்பாக்கத்திலோ ஏதாவது ஒரு தெருவில் நடக்கவிட வேண்டும். வாசலுக்கு வாசல் சாய்தளம்! கேட்டிலிருந்து சாலைவரை வழவழவென்று சிமென்ட் பூசி, டயர் வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கீறி, சிலர் கிரானைட்டே பதித்து, பொது நடைபாதையை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். டெண்டர் இல்லை, குழு இல்லை, தேவை குறித்த ஆய்வு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும். சாய்தளங்களில் உலக நகரங்களோடு போட்டி போடக்கூடிய ஊர் இது. என்ன, அத்தனையும் காருக்கு. அந்தச் சரிவுகளால் நடைபாதை வீட்டுக்கு வீடு ஏறி இறங்குகிறது. ஊன்றுகோலோடு வரும் பாட்டி, மாருதி வீட்டுக்குள் சுகமாகப் போகவேண்டும் என்பதற்காகப் பக்கவாட்டில் சரிந்து நடக்கிறார். ஒரு டன் எடையுள்ள இரும்புக்கு ஒரு படிகூட ஏற முடியாது என்பதைப் புரிந்துகொண்ட சமூகம், மனிதருக்கு மட்டும் செலவுக் கணக்குக் கேட்கிறது.

அரசு கட்டுகிற சாய்தளத்தைப் பார்த்தால் தனியார் எவ்வளவோ மேல். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது விதி. 15 சென்டிமீட்டர் உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் சரிவு. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு இது. நம் ஆட்களோ அரை மீட்டருக்குள் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளவேண்டும். இறக்க, குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும். இதையும் மீறி ஒருவர் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்ட யாரோ ஒரு மகானுபாவர், சாய்தளத்தின் தலைமாட்டிலேயே வரிசையாக இரும்புத் தூண் நட்டுவைத்திருக்கிறார். டூவீலர் ஏறாமலிருக்கத்தானாம். டூவீலர்காரர் ஹேண்டிலை ஒரு ஒடி ஒடித்து நுழைந்து போய்க்கொண்டேயிருக்கிறார். சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், அதனால் அது மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது.

அடுத்தது மஞ்சள் டைல்ஸ். 1965-ல் செய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர் கண் தெரியாதவர்களுக்காக உருவாக்கியது, 1967-ல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு போட்ட டைல்ஸ் காலுக்கும் கோலுக்கும் 'போகலாம்' என்று சொல்லும். புள்ளி போட்டது 'நில், முன்னால் ஏதோ இருக்கிறது' என்னும். நம்மிடம் அது கோலப்போட்டி. நான்கு கோடு, இரண்டு புள்ளி, நடுவில் கல் தீர்ந்துபோனதால் ஒரு சிவப்பு, மறுபடி கோடு. சில இடங்களில் கோடு நேராக டிரான்ஸ்பார்மருக்குக் கூட்டிப்போகிறது, சில இடங்களில் வேப்பமரத்துக்கு. பதித்தவருக்கு இதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையிட்டவருக்கு அழகாக இருந்தது. பில் பாஸ் ஆகிவிட்டது. நடைபாதைக்குச் செலவே செய்வதில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். தாராளமாகச் செய்கிறோம். டைல்ஸ் பதிக்க ஒரு முறை, கேபிளுக்காக வெட்ட ஒரு முறை, வெட்டியதை மூட ஒரு முறை, மூடியது அமுங்கியதும் மறுபடி.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் தாராளம்தான். 1995-ல் ஒன்று, 2016-ல் இன்னும் பெரியதாக ஒன்று. இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்றது இரண்டாவது சட்டம். விதிகள் 2017-ல் வந்தன, கெடு 2022-ல் முடிந்தது, அந்த நாள் வேறு எந்த நாளையும் போலவே கழிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வழிகாட்டுதல் என்று மழுப்பாமல் கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 மே மாதம் நடைபாதை என்பது வாழும் உரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது. 2022-ல் மட்டும் நாட்டில் 32,825 பேர் நடந்து போகும்போது வண்டி மோதிச் செத்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 90 பேர். நாளைக்கு 90 பேர் சாகிற விமான நிறுவனம் ஒன்று இருந்தால், பாதுகாப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று முதலில் விசாரிப்போமா?

மெரினாவைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 2022 நவம்பரில் 1.14 கோடியில் கடலலை வரைக்கும் மரப்பாதை போட்டார்கள். முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்களின் முகம் நிஜம், அதைக் கேலி செய்ய மாட்டேன். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்ததும், பணம் கடலில் போச்சு என்று கைகொட்டியவர்கள்தான் என் கண்ணில் உறுத்துகிறார்கள். பாதையைச் சரிசெய்தார்கள், இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் விசித்திரத்தைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வங்காள விரிகுடாவுக்குப் போகலாம், தெருமுனை மளிகைக் கடைக்குப் போக முடியாது.

அவ்வப்போது ஆக்கிரமிப்பு அகற்றமும் நடக்கும். லாரி வரும், பூக்காரம்மாவின் கூடையும் இளநீர் வண்டியும் ஏறும், படம் எடுப்பார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க 2014-ல் வந்த சட்டம் லாரிக்காரருக்குத் தெரியாது. மின்வாரியப் பெட்டியும், கட்சிக் கொடிக்கம்பமும், நடைபாதைமேல் ஏற்றி நிறுத்திய காரும் அங்கேயே இருக்கும். அவை ஆக்கிரமிப்பு ஆகாது, அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள்.

உங்களுக்கும் ஒருநாள் முட்டி தேயும், பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவீர்கள், அதனால் எல்லோருக்கும் லாபம்தானே என்று கெஞ்சுவது இப்போது வழக்கம். அந்த வியாபாரத்துக்கு நான் வரவில்லை. ஒரே ஒருவருக்குத்தான் தேவை என்றாலும் கட்டித்தான் ஆகவேண்டும். அவர் கட்டும் வரியில் தள்ளுபடி கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு காசு கூடுதல் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நடைபாதை வேலை முடிந்ததும் சக்கர நாற்காலியில் ஒருவர், வெள்ளைக்கோலோடு ஒருவர், யார் துணையும் இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகட்டும். இருவரும் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மட்டும் கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணை. முதல் சோதனையை ரிப்பன் மாளிகை வாசலிலிருந்து சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில்தான். ஒரு வருடம் பில் நிலுவையில் கிடந்தால் போதும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை இடம் விடவேண்டும் என்பதைக் கான்ட்ராக்டரே டேப் பிடித்து அளந்துகொள்வார்.