கமராக்காரத் தம்பி

இணுவிலில் ஒரு சம்பந்தம் ஒப்பேறி, சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி நாளும் வைத்துக் கொடுத்துவிட்டால், முற்காலத்திலே பெண் வீட்டார் முதன்முதலாக ஓடிப்போய்ப் பேசிவைப்பது மேளத்தைத்தான். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர் இது. கோயில் வீதியிலே விளையாடும் சிறுபிள்ளைகூடத் தாளம் ஓர் அட்சரம் பிசகினால் திரும்பிப் பார்க்கும் என்று பெருமை பேசிக்கொள்ளும் ஊர். ஆகையால், "மேளம் ஆர்?" என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே அந்த விவாகத்தின் தராதரத்தைச் சனங்கள் நிர்ணயித்தார்கள். இன்றைக்கு அந்த முதல் ஸ்தானத்தை வேறொரு பிரகிருதி வந்து சத்தமில்லாமல் கைப்பற்றிக்கொண்டிருக்கிறார். சாத்திரியார் நாளைச் சொல்லி வாய்மூடுமுன்னரே, "அண்டைக்குக் கமராக்காரத் தம்பிக்கு வசதிப்படுமோ எண்டு கேட்டுப்போட்டுச் சொல்லுறம்" என்கிறார் பெண்ணின் தாயார். வசதிப்படாதென்று தெரியவந்தால், சாத்திரியாரும் காலதேச வர்த்தமானம் அறிந்தவராகையால், அதே மாதத்திற்குள் அதனிலும் உத்தமமான வேறொரு முகூர்த்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

நவக்கிரகங்களும் ஒதுங்கி வழிவிடுகின்ற இந்தப் புருஷரைத் தெரிவுசெய்வதற்குக் கூடும் சபையின் நடவடிக்கைகள் தனியே வருணிக்கத்தக்கவை. கந்தோரிலே பிரதம லிகிதராயிருந்து இளைப்பாறிய பெரியப்பா தலைமை வகிக்கிறார். பெண்ணின் தாயார், இரண்டு மாமிமார், ரொறன்ரோவிலிருந்து நடுச்சாமத்தில் நித்திரை விழித்து வட்ஸ்அப்பில் முகம் காட்டும் மூத்த அக்கா ஆகியோர் அங்கத்தவர்கள். தம்பி மாதிரிக்குக் கொண்டுவந்த அல்பம் நடுவே விரிக்கப்படுகிறது. வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது, முகபாவம் எவ்வாறு அகப்பட்டிருக்கிறது என்பன போன்ற அற்ப விஷயங்களில் சபை பிரவேசிப்பதில்லை. "இது கோண்டாவிலிலை முடிச்ச பிள்ளையெல்லே?" என்று ஒரு மாமி தொடங்க, "ஓம், கொடி பதினைஞ்சு பவுண் எண்டு சொன்னவை, படத்திலை அவ்வளவு தெரியேல்லை" என்று மற்ற மாமி சந்தேகம் எழுப்ப, யாரோ ஓர் அந்நிய குடும்பத்தின் சீதனமும் குணாதிசயங்களும் மாப்பிள்ளையின் முன்வழுக்கையும் சாங்கோபாங்கமாக ஆராயப்பட்டு, ஈற்றில், "பொம்பிளையை நல்ல வெள்ளையாய் எடுத்திருக்கிறார்" என்னும் ஒரேயொரு கலாவிமர்சனத்தோடு தம்பி தேர்ச்சி பெற்றுவிடுகிறார். ரொறன்ரோ அக்கா மாத்திரம் ஒரு திருத்தம் பிரேரிக்கிறார்: "உள்ளதை உள்ளபடி, இயற்கையாய் எடுக்கச் சொல்லுங்கோ." தாயார் அதை உடனே நிராகரிக்கிறார்: "இயற்கையாய் இருக்கிறதுக்கு உவருக்கு ஏன் காசு குடுப்பான்?"

விலைபேசும் கட்டம் பெரியப்பாவுக்கு உரியது. அரசாங்கப் பணத்தை முப்பது வருடம் கட்டிக்காத்த அந்தக் கண்களால் தம்பியின் பக்கேஜ் கடதாசியை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இந்த ட்ரோனை விட்டால் எவ்வளவு குறைப்பீர்?"

"ஐயா, அது பக்கேஜுக்குள்ளை வருகுது. பறக்கவிட்டாலும் விடாட்டிலும் ஒரே காசுதான்."

"அப்ப பறக்கவிடும். ஆனா எங்கடை வளவுக்கு மேலை மாத்திரம் பறக்கவிடும். பக்கத்து வளவுக்காரருக்கு நாங்கள் ஏன் படம் எடுத்துக் குடுக்கவேணும்?"

தம்பிக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கறுப்புச் சேட்டு, எண்ணிறந்த பைகள் வைத்துத் தைத்த காற்சட்டை, ஒதுக்கிவிட்ட தாடி, மார்பிலே பூணூலின் ஸ்தானத்திற் குறுக்கே ஓடும் கமரா வார். ஐயருக்குக்கூட மணவறையைச் சுற்றிவர ஒரு திசைதான் உண்டு. இவருக்கு எத்திசையும் சம்மதம். அதிலும் பின்புறமாக நடப்பதிலே இவருக்குள்ள சாமர்த்தியம் அபாரமானது. நிறைகுடம், குத்துவிளக்கு, சப்பாணியிட்டிருக்கும் ஆச்சிமார் ஒருவரையும் தட்டாமல், முகத்தை மாப்பிள்ளைக்கும் முதுகை உலகத்துக்கும் காட்டியபடி பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுவார். "அண்ணை, நாடியை ஒரு சொட்டு இறக்குங்கோ. அக்கா, நீங்கள் அண்ணையைப் பாருங்கோ, என்னைப் பாக்காதேங்கோ" என்பது இவருடைய மூலமந்திரம். ஆண்பிள்ளையை நிமிர்ந்து பாராதே என்று இருபத்தைந்து வருடம் உபதேசித்து வளர்த்த தாயார் பக்கத்திலே நின்று, "தம்பி சொல்லுற மாதிரிச் செய் பிள்ளை" என்று வற்புறுத்தும் காட்சியை மண்டபத்திலே காணலாம்.

இவருடைய தொழிற்பரம்பரையின் முன்னோரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்துப் படக்காரர் சைக்கிளில் வருவார். பெட்டியைத் திறந்து, குனிந்து பார்க்கும் கமராவை எடுப்பார். ஒரு சுருளிலே 12 படம். ஆகையால் கலியாணத்திலும் 12 சம்பவங்களே நடந்தன என்று சொல்லிவிடலாம். சுருள் முடிந்தால் சோறு தின்றுவிட்டுப் போய்விடுவார். அந்தப் படங்களிலே நம்முடைய பாட்டன் பாட்டிமார் நீதவானின் முன் நிறுத்தப்பட்ட எதிரிகள்போல நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கும்படி ஒருவரும் கேட்கவுமில்லை.

பின்பு 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. படச்சுருள் வந்துசேர்வது தெய்வசங்கற்பத்தைப் பொறுத்த காரியம். அக்காலத்திலே போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பல நூறு தாலிகள் ஏறின. படமாக மிஞ்சியவை சொற்பம். மிஞ்சியவற்றையும் 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது வீட்டிலே விட்டுச் சென்றவர்கள், மறுவருடம் திரும்பிவந்து பார்த்தபோது கறையான் அவற்றை வாசித்து முடித்திருந்தது. இன்றைக்குப் பெண்ணின் தாயாராக நின்று, "தம்பி, இதையும் எடும், அதையும் எடும், அந்தப் பலகாரத் தட்டையும் ஒருக்கா எடும்" என்று கமராக்காரரின் பிராணனை வாங்குகிற அம்மையார் அந்த நாளிலே மணமுடித்தவர். அவருடைய கலியாணத்துக்கு இருப்பது ஒரே படம். அதிலும் மாப்பிள்ளையின் தலைப்பாகை பாதியிலே நின்றுவிட்டது.

தம்பியின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பலகாலம் யோசித்திருக்கிறேன். ஐயர் மணமக்களுக்காக ஓதுகிறார், சமையற்காரர் வந்தவர்களுக்காக ஆக்குகிறார். மண்டபத்திலே வராதவர்களுக்காக வேலைசெய்கிறவர் இவர் ஒருவர்தான். ரொறன்ரோவிலே லீவு கிடைக்காத அக்கா, சுவிஸிலே கடதாசி கிடைக்காத அண்ணன், லண்டனிலே முழங்கால் இடங்கொடாத சித்தப்பா ஆகிய இந்த மூவரும் கலியாணச் செலவிலே முக்காற்பங்கைத் தாங்கியவர்கள். அவர்களுடைய கண்ணாக இவர் நிற்கும்போது, மண்டபத்திலே மொய் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாம் அவருடைய முதுகைத் தரிசித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். மணவறையை நேரிற் பார்க்க இயலாத விருந்தினர் மூலையிலுள்ள ரீவியிலே பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குமேலும் ஒரு பார்வையாளர் உண்டு. அவர் தூதரகத்து விசா உத்தியோகத்தர். மாப்பிள்ளை வெளிநாடாயின் இந்தக் கலியாணம் மெய்யானதா என்பதைப் பதிவுச் சான்றிதழோடு படங்களையும் வைத்தே அவர் தீர்மானிப்பார் என்பது தம்பிக்குத் தெரியும். "அண்ணை, ஒரு வாய் தீத்திவிடுங்கோ, இது விசாவுக்கு" என்பார். "மாமா, மாமி, ரெண்டு பக்கமும் வந்து நில்லுங்கோ, குடும்பமாய்ப் பாத்தாத்தான் அவை நம்புவினம்." அக்கினி சாட்சியாக நடந்த விவாகத்துக்கு எங்கேயோ ஒரு கந்தோரிலே இருக்கும் கண்ணாடிக்காரரின் சாட்சியமும் வேண்டியிருக்கிறபடியால், இதிலே நான் தம்பியைக் குறைசொல்லமாட்டேன்.

அண்மையிலே காங்கேசன்துறை வீதியோரத்து மண்டபம் ஒன்றிலே நடந்ததைச் சொல்லவேண்டும். காலையிலேயே சகுனம் சரியில்லை. பெண் வீட்டு முற்றத்தில் ட்ரோன் இரைந்துகொண்டு எழும்பியதும், விறாந்தையிலே பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "வண்டு வந்திட்டுது, பிள்ளையளை உள்ளுக்கை கூப்பிடுங்கோ!" என்று உரலைப் போட்டுவிட்டு எழுந்தார். யுத்தகாலத்து வேவு விமானத்தை எங்கள் சனங்கள் அப்படித்தான் அழைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலோ, பாலறுகு வைக்கும்போது மாமனாரின் கை முகத்தை மறைத்துவிட்டதென்று தம்பி இரண்டாம் முறை வைப்பித்ததில், மாப்பிள்ளை தோய வார்க்குமுன்னரே தோய்ந்துவிட்டார்.

முகூர்த்தம் வந்தது. பெண் கூறை மாற்றிக்கொண்டு வந்து அமர்ந்தாள். தேங்காயில் வைத்த கொடியைச் சபையெல்லாம் தொட்டு ஆசீர்வதித்து முடிய, மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு எழுந்து பெண்ணின் கழுத்தருகே கையைக் கொண்டுபோனார். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை உயர்த்தும் அந்தச் சமயத்திலே, "ஐயா, ஒரு நிமிசம், லைற் சரியில்லை" என்றார் தம்பி.

"தம்பி, முகூர்த்தம் உம்மடை லைற்றைப் பாத்துக்கொண்டு நிக்காது" என்றார் ஐயர்; ஆனாலும் உயர்த்திய கை பாதியிலே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கைகளும் கொடியோடு அந்தரத்திலே நின்றன. சபையோர் அறுகரிசியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். தம்பி ஒரு விரலை மேளகாரரை நோக்கி நீட்டி, "பொறுங்கோ" என்று சைகை காட்டினார். தவிலோடு அமர்ந்திருந்த முதியவர், ஊரிலே பரம்பரையாக வாசித்து வருகிறவர், அந்த விரலைப் பார்த்தார். ஐயருடைய கையைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். பிறகு ஒருவரையும் பாராமல் ஓங்கி அடித்தார். நாதஸ்வரங்கள் பின்தொடர, மாப்பிள்ளை திடுக்கிட்டுக் கொடியைப் பூட்டிவிட, நாற்புறமிருந்தும் விழுந்த அறுகரிசியிலே லைற் பிடித்த பெடியனுக்கு இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டது.

தம்பி கோபித்தாரில்லை. பந்திக்குச் சனம் எழும்பிப்போகும் வரைக்கும் காத்திருந்து, மணமக்களை மறுபடி நிறுத்தி, "அண்ணை, கொடியை இப்பிடிப் பிடியுங்கோ, பூட்டவேண்டாம், பூட்டுற மாதிரி" என்று அதைத் தம் லைற்றுக்குப் பொருந்த இன்னொருமுறை நடத்தி முடித்தார். பின்பு மூன்று நாட்களுக்குக் கசூரினாக் கடற்கரையிலும் கோட்டை மதிலிலும், ஈற்றிலே இணுவில் செம்மண் புகையிலைத் தோட்டத்திலும் மணமக்களை ஓடவும் நாணவும் தூரத்தைப் பார்க்கவும் வைத்தார். தோட்டக்காரர் மாத்திரம், "மோனை, கண்டு முறியாமல் காதலியுங்கோ" என்று வரம்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அல்பம் வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. கேட்கும்போதெல்லாம், "டிசைன் நடக்குது அம்மா" என்பது விடை. தம்பியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிரான்சிலே தாகரின் புகைப்பட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறு வருடம் விக்டோரியா மகாராணிக்குக் கலியாணம். கமராக்காரர் என்ற சாதி இன்னும் உற்பவியாத காலமாகையால் ஜோர்ஜ் ஹேற்றர் என்னும் ஓவியரே அதை வரைந்தார். சடங்கு முடிந்த பிறகு ஆட்களைத் திரும்ப அமரவைத்துப் பார்த்து வரைந்து, 1842இல்தான் முடித்துக்கொடுத்தார். சாம்ராச்சியத்தின் அதிபதியே இரண்டு வருடம் பொறுத்திருக்க, இணுவிலார் தைமாதம் வரை பொறுக்கலாகாதா?

தையிலே அல்பம் வந்தது. ஒரு கையால் தூக்க இயலாத பாரம். ரொறன்ரோவுக்குப் போகிறவர்கள், மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் போக மிச்ச நிறைக்கு இடமில்லையென்று கையை விரித்துவிட்டார்கள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கணக்குப் பரிசோதித்தார். தாலிகட்டுப் படத்திலே நின்றார். மாப்பிள்ளை மிக அழகாகத் தாலி கட்டுகிறார். பின்னாலே கதிரைகளெல்லாம் வெறுமையாய் இருக்கின்றன. "தம்பி, கலியாணத்துக்கு ஒருதரும் வரேல்லையோ?" என்றார்.

"ஐயா, அது கொம்பியூட்டரிலை ஆக்களை நிரப்பலாம். அதுக்கு வேறை காசு."

பெரியப்பா பதில் சொல்லாமல் தாள்களைப் புரட்டிக்கொண்டு போனார். பட்டுச் சால்வையோடு தாம் சற்றே சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு படத்திலே மறுபடி நின்று, அதை எட்டத்திற் பிடித்தும் கிட்டத்திற் பிடித்தும் பார்த்தார். பிறகு ஒருவருக்கும் கேளாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இதிலை என்னைத் தனியாய் வெட்டி எடுக்கலாமோ?"

"எடுக்கலாம் ஐயா. பெரிசாக்கிக் கண்ணாடிச் சட்டமும் போட்டுத் தரட்டோ?"

"சட்டம் இப்ப வேண்டாம். கல்வெட்டுக்கும் உதயன் பேப்பருக்கும் ஏற்ற அளவிலை ஒண்டு போட்டு வைச்சிரும். அவங்கள் அந்தரத்திலை அடையாள அட்டைப் படத்தைக் குடுத்துப்போடுவாங்கள்."

"சரி ஐயா. எப்ப வேணும்?"

"அவசரமில்லை. ஆனா விலையை இண்டைக்கே பேசி முடிப்பம். பிறகு நீர் எங்கடை பிள்ளையளிட்டை கனக்கக் கேப்பீர்."